பற்கள் சொல்லும் குழந்தைப்பருவம்: டவுங் குழந்தையும் மனிதப் பரிணாமமும்

முதனிகளின் வாழ்க்கையையும் தொல்மனிதர்களின் வாழ்க்கையையும் அறிய உதவும் சான்றுகளுள் பற்கள் முதன்மையானவை. ஓர் உயிர் எதை உண்டது, எவ்வளவு காலம் தாய்ப்பால் குடித்தது, எந்தப் பருவத்தில் நோயுற்றது, எத்தனை வயதில் இறந்தது ஆகிய செய்திகள் பல்லில் பதிந்துள்ளன. மனிதனுக்கே உரியதாகக் கருதப்படும் நீண்ட குழந்தைப்பருவம் எப்போது தோன்றியது என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டிய இடம் பல்லே. கற்கருவிகளால் இதைச் சொல்ல இயலாது; எலும்புகளும் ஓரளவே சொல்லும்.

1924ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோடு இந்தக் கேள்வியின் வரலாற்றில் நடுவிடம் வகிக்கிறது. அதற்கு வயது ஆறு என்று அறுபது ஆண்டுகளாகப் பலரும் கருதினர். பின்னர் வயது மூன்றைச் சற்றே தாண்டியது என்று தெரிய வந்தது. மூன்று ஆண்டு வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மனித இனத்தின் மூதாதையர் மனிதரைப்போல வளர்ந்தனரா, வாலில்லாக் குரங்குகளைப்போல வளர்ந்தனரா என்ற கேள்வியே அந்த மூன்று ஆண்டுகளில் அடங்கியிருந்தது.

பற்கள் ஏன் எஞ்சுகின்றன

பல்லின் வெளியுறையான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. அதனால் எலும்புகள் மண்ணில் மட்கிப்போன இடங்களிலும் பற்கள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. தொல்மனிதப் புதைபடிவங்களில் பற்களே அதிக எண்ணிக்கையில் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

எலும்புக்கும் எனாமலுக்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. எலும்பு வாழ்நாள் முழுவதும் சிதைந்தும் புதுப்பிக்கப்பட்டும் வருவதால், பழைய பதிவுகள் அதில் மெல்ல மறைகின்றன. எனாமல் ஒருமுறை உருவானபின் புதுப்பிக்கப்படுவதில்லை. ஒரு குழந்தைக்கு இரண்டு வயதில் உருவான எனாமல், அவர் முதியவராகி இறக்கும்போதும் அந்த இரண்டாம் வயதின் பதிவைத் தாங்கியே இருக்கும். உண்பதால் ஏற்படும் தேய்மானமும் சொத்தையும் மட்டுமே அதைப் பின்னர் மாற்றக்கூடியவை.

முதனிகளின் பல்லமைப்பு

மனிதனுக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் நிலைத்த பற்கள் 32. தாடையின் ஒவ்வொரு அரைப்பகுதியிலும் 2 வெட்டுப்பற்கள், 1 கோரைப்பல், 2 முன்கடைவாய்ப் பற்கள், 3 பின்கடைவாய்ப் பற்கள் உள்ளன. தென் அமெரிக்கக் குரங்குகளுள் பெரும்பாலானவற்றுக்கு 36 பற்கள். எண்ணிக்கையே இனத்தொடர்பைக் காட்டும் முதல் குறிப்பாகும்.

பல்லின் வடிவம் உணவையும் பழக்கத்தையும் காட்டுகிறது. இலைகளை மிகுதியாக உண்ணும் சாம்பல் மந்தியின் கடைவாய்ப் பற்களில் கூரிய விளிம்புகள் உள்ளன. நார்மிகுந்த இலைகளை அவை கத்தரிபோல நறுக்குகின்றன. பழம் உண்ணும் குரங்குகளின் கடைவாய்ப் பற்களில் மேடுகள் தாழ்ந்தும் மழுங்கியும் இருக்கும். தேவாங்கின் கீழ்த்தாடை முன்பற்கள் முன்னோக்கிப் படுத்துச் சீப்புபோல அமைந்துள்ளன. தன் மயிரைக் கோதிச் சுத்தம் செய்ய அவை உதவுகின்றன.

கோரைப்பல் சமூக வாழ்க்கையைப் பற்றியும் பேசுகிறது. ஆண்கள் தமக்குள் கடுமையாகப் போட்டியிடும் பபூன் குரங்குகளில் ஆணின் கோரைப்பல் பெண்ணுடையதைவிட மிகப் பெரிது. இணையாக வாழும் கிப்பன்களில் ஆண், பெண் இருபாலரின் கோரைப்பற்களும் ஏறத்தாழ ஒரே அளவு. எத்தியோப்பியாவில் கிடைத்த 44 இலட்சம் ஆண்டுப் பழமையான ஆர்டிபித்தேக்கஸ் ரமிடஸ் இனத்தில் ஆண்களின் கோரைப்பற்களும் சிறுத்தே காணப்படுகின்றன. மனித வழித்தோன்றலில் கோரைப்பல் சிறுத்தது மிகப் பழைய மாற்றம் என்பது இதனால் தெளிவாகிறது.

டவுங் குழந்தை

தென்னாப்பிரிக்காவின் டவுங் என்னும் ஊரில் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம் ஒன்று இருந்தது. அங்கு பாறைகளில் புதைந்த எலும்புகள் 1924இல் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்த விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட்டிடம் வந்து சேர்ந்தன. அவற்றுள் மூளையின் வடிவிலான ஒரு கல் அச்சும், அதனோடு பொருந்தும் முகப்பகுதி புதைந்த பாறையும் இருந்தன. டார்ட் பல வாரங்கள் பொறுமையாகப் பாறையைச் செதுக்கி, அந்த ஆண்டின் இறுதியில் முகத்தை வெளிக்கொணர்ந்தார்.

வெளிப்பட்டது ஒரு குழந்தையின் முகம். பால் பற்கள் முழுமையாக இருந்தன. அவற்றின் பின்னால் முதல் நிலைத்த கடைவாய்ப்பல் முளைத்திருந்தது. கோரைப்பற்கள் சிறியவை. தண்டுவடம் மண்டையோட்டினுள் நுழையும் துளை, நிமிர்ந்து நடக்கும் உயிருக்கு உரியவாறு முன்னோக்கி அமைந்திருந்தது. மூளையோ வாலில்லாக் குரங்கின் மூளை அளவே இருந்தது. டார்ட் 1925 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டு, ஆஸ்திராலோபித்தேக்கஸ் ஆஃபிரிக்கானஸ் எனப் பெயரிட்டார்; வாலில்லாக் குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட உயிர் இது என்றும் கருதினார்.

இங்கிலாந்தின் முன்னணி அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. ஆர்தர் கீத் உள்ளிட்டோர் முன்வைத்த தடைகளுள் ஒன்று, கிடைத்தது குழந்தையின் மண்டையோடு என்பதே. சிம்பன்சி, கொரில்லா ஆகியவற்றின் குட்டிகளுக்கும் தாடை முன்தள்ளாமல், நெற்றி உருண்டு, முகம் மனிதச் சாயலுடன் இருக்கும். வளர்ந்த பின்னரே குரங்குத் தோற்றம் முழுமையாகும். ஆகவே ஒரு குட்டியைக் கொண்டு மனித மூதாதையரைத் தீர்மானிக்க முடியாது என்றனர்.

டார்ட் பற்களையே தம் சான்றாகக் கொண்டார். 1929இல் அவர் கீழ்த்தாடையை மேல்தாடையிலிருந்து பிரித்தெடுத்தார். அதன்பின் பற்களின் மெல்லும் பரப்பை நேரில் காண முடிந்தது. அவற்றை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வில்லியம் கிரிகரி, அவை மனிதப் பற்களை ஒத்தவை என்ற முடிவுக்கு வந்தார். 1936 முதல் ராபர்ட் புரூம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் முதலிய இடங்களில் வளர்ந்தவர்களின் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார். அவற்றிலும் கோரைப்பற்கள் சிறுத்தே இருந்தன. 1947இல் கீத் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பில்ட்டவுன்: அராவப்பட்ட பற்கள்

டவுங் குழந்தை ஏற்கப்படாமல் போனதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் இடத்தில் தொல்மனிதனின் எச்சங்கள் கிடைத்ததாக 1912 டிசம்பரில் அறிவிக்கப்பட்டிருந்தது. பெரிய மனித மண்டையோடு, குரங்கின் தாடை, ஆனால் மனிதனைப்போலத் தட்டையாகத் தேய்ந்த கடைவாய்ப் பற்கள் என்பது அதன் தோற்றம். முதலில் மூளை பெருத்தது, தாடையும் பல்லும் பின்னரே மாறின என்ற கருத்துக்கு அது பொருத்தமாக அமைந்தது. டவுங் மண்டையோடோ சிறிய மூளையும் மனிதச் சாயலுள்ள பற்களும் கொண்டு இதற்கு நேர்மாறாக இருந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது கடினம்.

1953இல் ஜோசப் வெய்னர், கென்னத் ஓக்லி, லெ கிராஸ் கிளார்க் ஆகிய மூவரும் பில்ட்டவுன் எச்சங்கள் போலி என்று நிறுவினர். பற்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அரத்தால் தேய்த்த கீறல்கள் தெரிந்தன. அடுத்தடுத்த இரு கடைவாய்ப் பற்களின் தேய்மானத் தளங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே வாயில் மென்று தேய்ந்த பற்கள் அவ்வாறு அமைய வாய்ப்பில்லை. தாடை ஒராங்குட்டானுடையது என்பதைப் பின்னாளைய மரபணு ஆய்வு உறுதிசெய்தது. பல் வடிவத்தை மட்டும் பார்த்தவர்கள் நாற்பது ஆண்டுகள் ஏமாந்தனர். பல்லின் பரப்பை உற்றுப் பார்த்தபோது பொய் வெளிப்பட்டது.

வயது ஆறா, மூன்றா?

மனிதக் குழந்தைக்கு முதல் நிலைத்த கடைவாய்ப்பல் ஏறத்தாழ 6 வயதில் முளைக்கிறது. இரண்டாவது 12 வயதிலும், ஞானப்பல் எனப்படும் மூன்றாவது 18 வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோ முளைக்கின்றன. சிம்பன்சிக்கு இதே பற்கள் ஏறத்தாழப் பாதி வயதில் முளைத்துவிடும். மக்காக் குரங்குகளுக்கு முதல் கடைவாய்ப்பல் ஒன்றரை வயதுக்குள் வந்துவிடுகிறது.

டவுங் குழந்தையின் முதல் கடைவாய்ப்பல் முளைத்துச் சிறிது காலமே ஆகியிருந்தது. மனிதக் குழந்தையை அளவுகோலாகக் கொண்டால் அதற்கு வயது 6. சிம்பன்சிக் குட்டியை அளவுகோலாகக் கொண்டால் 3 அல்லது 4. டார்ட் மனித அளவுகோலைக் கையாண்டார். பிறரும் அதையே பின்பற்றினர். 1975இல் ஆலன் மான் தென்னாப்பிரிக்கப் புதைபடிவங்களின் பல் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து, அவை மனிதரைப்போல மெதுவாக வளர்ந்தவை என்று முடிவுசெய்தார். அதனால் நீண்ட குழந்தைப்பருவம் மனித வரலாற்றின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது என்ற கருத்து வலுப்பெற்றது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மனித அளவுகோலைக் கொண்டு வயதைக் கணித்துவிட்டு, அந்த வயதைக் கொண்டே வளர்ச்சி மனிதரை ஒத்தது என்று சொல்ல முடியாது. மனிதன், சிம்பன்சி ஆகிய இரண்டையும் சாராமல், பல்லிலிருந்தே வயதைக் கணக்கிடும் வழி தேவைப்பட்டது.

எனாமலில் உள்ள நாட்கணக்கு

மரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் தெரிவதுபோல, எனாமலிலும் வளர்ச்சிக் கோடுகள் உண்டு. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் இடுகிறது. எனாமல் நாளுக்கு ஒரு கோடு இடுகிறது. எனாமலைச் சுரக்கும் செல்கள் ஒரு நாளுக்கான சுரப்பை முடிக்கும்போது நுண்ணிய குறுக்குக்கோடு ஒன்று உண்டாகிறது. இவற்றை நுண்ணோக்கியில் எண்ண முடியும்.

இந்த நாட்கோடுகளுக்கு மேலாக, பல நாட்களுக்கு ஒருமுறை அழுத்தமான கோடு ஒன்றும் விழுகிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் பெயரால் இது ரெட்சியஸ் கோடு எனப்படுகிறது. இரண்டு ரெட்சியஸ் கோடுகளுக்கு இடைப்பட்ட நாட்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும்; மனிதர்களில் 6 முதல் 12 நாட்கள், பெரும்பாலும் 8 அல்லது 9. ஒருவருடைய எல்லா நிலைத்த பற்களிலும் அந்த இடைவெளி ஒன்றாகவே இருக்கும். இக்கோடுகள் பல்லின் மேற்பரப்பை எட்டும் இடத்தில் மெல்லிய வரப்புகளாகத் தெரிகின்றன. இவ்வரப்புகளுக்குப் பெரிக்கைமாட்டா என்று பெயர். பல்லை வெட்டாமலேயே இவற்றை எண்ணலாம் என்பது புதைபடிவ ஆய்வுக்குப் பெரிய வசதி.

பிறந்த நாளும் பல்லில் பதிவாகிறது. பால் பற்களும் முதல் நிலைத்த கடைவாய்ப்பல்லும் தாயின் கருப்பையிலேயே உருவாகத் தொடங்குகின்றன. பிறப்பின்போது உடலில் ஏற்படும் பெரும் மாற்றம் ஓர் அழுத்தமான கோடாக எனாமலில் விழுகிறது. இது பிறப்புக் கோடு எனப்படும். பிறப்புக் கோட்டிலிருந்து பல் வளர்ச்சி நின்ற இடம் வரை நாட்கோடுகளை எண்ணினால், இறந்தபோது குழந்தையின் வயது என்ன என்பது நாட்கணக்கில் தெரிந்துவிடும். கடுங்காய்ச்சல், பட்டினி போன்றவை எனாமல் சுரப்பைத் தடுக்கும்போது பல்லில் பள்ளமான கோடுகள் உண்டாகின்றன. அந்தத் துன்பம் எந்த வயதில் நேர்ந்தது என்பதையும் அதே கணக்கால் அறியலாம்.

1985ஆம் ஆண்டின் மறுகணிப்பு

1985இல் திமத்தி புரோமேஜ், கிறிஸ்டோபர் டீன் ஆகிய இருவரும் குழந்தைப்பருவத்தில் இறந்த தொல்மனிதர்களின் வெட்டுப்பற்களில் இருந்த வரப்புகளை எண்ணி 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். ஆறு வயது மனிதக் குழந்தையின் பல்நிலையில் இருந்த புதைபடிவங்கள் உண்மையில் மூன்று வயதைச் சற்றே தாண்டியவை என்று அக்கணக்கு காட்டியது. முதல் கடைவாய்ப்பல் அவற்றுக்கு வாலில்லாக் குரங்குகளின் வயதிலேயே முளைத்திருந்தது. அதற்கேற்ப டவுங் குழந்தையின் வயதும் மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்டது எனத் திருத்தப்பட்டது.

1986இல் ஹோலி ஸ்மித் பல்வேறு பற்கள் உருவாகும் வரிசையை ஒப்பிட்டார். 1987இல் கிளென் கான்ராய், மைக்கேல் வேனியர் ஆகியோர் டவுங் மண்டையோட்டைக் கணினி வழி எக்ஸ்ரே வெட்டுப்படங்களாக எடுத்து, தாடைக்குள் முளைக்காமல் இருந்த பற்களை ஆராய்ந்தனர். இரண்டு ஆய்வுகளும் ஆஸ்திராலோபித்தேக்கஸ் இனத்தின் வளர்ச்சி வாலில்லாக் குரங்குகளின் வளர்ச்சியை ஒத்தது என்பதைக் காட்டின. நிமிர்ந்து நடந்து, கோரைப்பல் சிறுத்திருந்த அந்த உயிர்கள் விரைவாகவே வளர்ந்து முதிர்ந்தன.

பல் முளைக்கும் வயதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கும் ஹோலி ஸ்மித் 1989இல் விளக்கம் தந்தார். முதனி இனங்களை ஒப்பிட்டபோது, முதல் கடைவாய்ப்பல் முளைக்கும் வயதுக்கும் மூளையின் அளவுக்கும் மிக நெருங்கிய தொடர்பு இருப்பதை அவர் கண்டார். மூளை பெரிதாக இருக்கும் இனத்தில் பல் தாமதமாக முளைக்கிறது; வளர்ச்சி நீள்கிறது; வாழ்நாளும் நீள்கிறது. ஆகவே ஒரு பல்லின் வயது அந்த இனத்தின் வாழ்க்கை வேகத்தையே காட்டும் குறியீடாகிறது.

நீண்ட குழந்தைப்பருவம் எப்போது தொடங்கியது?

ஆஸ்திராலோபித்தேக்கஸ் இனத்துக்குப் பின்வந்த ஹோமோ இனங்களின் நிலை அடுத்து ஆராயப்பட்டது. கென்யாவின் துர்கானா ஏரிக்கருகே நரியோகோட்டோமே என்னுமிடத்தில் 1984இல் கமோயா கிமேயு கண்டெடுத்த சிறுவனின் எலும்புக்கூடு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையானது. அவனுடைய உயரம் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர். எலும்புகளை மட்டும் பார்த்தால் 13 வயதுச் சிறுவனைப்போல இருந்தான். பற்களிலுள்ள கோடுகளை எண்ணியபோது வயது 8 என்றே வந்தது. உடலமைப்பில் மனிதனை நெருங்கிவிட்ட ஹோமோ இரெக்டசும் இன்றைய மனிதனைவிட விரைவாகவே வளர்ந்தது.

ஜார்ஜியா நாட்டின் தமானிசியில் கிடைத்த, ஏறத்தாழ 17.7 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறாரின் பற்கள் சற்று வேறுபட்ட செய்தியைத் தந்தன. 2024இல் வெளியான ஆய்வின்படி அவர் 11 வயதைத் தாண்டியபோது இறந்தார். கடைவாய்ப் பற்கள் முதல் ஐந்தாண்டுகள் மனிதக் குழந்தையைப்போல மெதுவாக வளர்ந்து, பின்னர் வேகமெடுத்தன. மொத்த வளர்ச்சி வாலில்லாக் குரங்குகளைப்போல விரைவில் முடிந்தாலும், தொடக்கக் காலம் மட்டும் நீண்டிருக்கிறது. குழந்தைகள் பெரியவர்களைச் சார்ந்திருந்த காலம் மூளை பெருப்பதற்கு முன்பே நீளத் தொடங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுப் பழமையான சிறாரின் பல் 2007இல் ஆராயப்பட்டது. 8 வயதில் இறந்த அந்தச் சிறாரின் பல் வளர்ச்சி இன்றைய 8 வயதுக் குழந்தையின் வளர்ச்சியோடு ஒத்திருந்தது. இதற்கு ஒளித்துகள் முடுக்கியிலிருந்து வரும் செறிவான எக்ஸ்ரே பயன்படுத்தப்பட்டது. பல்லை உடைக்காமல் உள்ளிருக்கும் கோடுகளைக் காண இம்முறை வழிசெய்தது.

நியாண்டர்தால் மனிதர்களைப் பொறுத்தவரை கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அவர்களின் பற்கள் இன்றைய மனிதப் பற்களைவிடச் சற்று விரைவாக வளர்ந்தன என்று 2010இல் வெளியான ஆய்வு கூறியது. ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் கிடைத்த, ஏழு வயதைத் தாண்டிய குழந்தையின் எலும்புக்கூடும் பற்களும் பெரும்பாலும் இன்றைய குழந்தையை ஒத்தே வளர்ந்திருந்தன என்று 2017ஆம் ஆண்டின் ஆய்வு கூறியது.

தாய்ப்பாலின் தடம்

குழந்தை எப்போது பால்மறந்தது என்பதையும் எனாமல் பதிவு செய்கிறது. தாய்ப்பாலின் வழியாகக் குழந்தையின் உடலில் பேரியம் என்னும் தனிமம் சேர்கிறது. கருப்பையில் இருக்கும்போது இது குறைவு. பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் உயர்கிறது. பால் குறையும்போது தாழ்கிறது. எனாமலின் நாட்கோடுகளையும் பேரியத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்தால் தாய்ப்பாலின் கால அட்டவணையே கிடைத்துவிடும்.

2013இல் பெல்ஜியத்தின் ஸ்க்லாடினா குகையில் கிடைத்த நியாண்டர்தால் பல் இவ்வாறு ஆராயப்பட்டது. அக்குழந்தை ஏறத்தாழ ஏழு மாதங்கள் தாய்ப்பாலை மட்டும் குடித்தது. மேலும் ஏழு மாதங்கள் பிற உணவோடு தாய்ப்பாலும் கிடைத்தது. பின்னர் தாய்ப்பால் திடீரென நின்றுவிட்டது. தாய் நோயுற்றாரா, இறந்தாரா என்பதைப் பல்லால் சொல்ல இயலாது. பிரான்சின் பேய்ர் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 2.5 இலட்சம் ஆண்டுப் பழமையான மற்றொரு நியாண்டர்தால் குழந்தை இரண்டரை வயது வரை பால் குடித்தது. அது வசந்த காலத்தில் பிறந்தது என்பதும், சிறுவயதில் இருமுறை ஈயத்தின் பாதிப்புக்கு உள்ளானது என்பதும் அப்பல்லிலிருந்தே தெரிய வந்தன.

ஒராங்குட்டான் குட்டிகளின் பற்களில் இதே முறையைக் கையாண்டபோது, அவை எட்டு வயதுக்கு மேலும் தாய்ப்பால் குடிப்பது புலப்பட்டது. காட்டில் பழம் குறையும் காலங்களில் தாய்ப்பாலைச் சார்ந்திருப்பது மிகுந்து, பழம் பெருகும்போது குறைந்தது. தென்னாப்பிரிக்க ஆஸ்திராலோபித்தேக்கஸ் பற்களிலும் இத்தகைய ஏற்ற இறக்கம் காணப்பட்டது. முதல் ஓராண்டு பெரும்பாலும் தாய்ப்பால், அதன்பின் சில ஆண்டுகள் உணவுத் தட்டுப்பாடு நேரும்போதெல்லாம் மீண்டும் தாய்ப்பால் என்ற முறையை 2019ஆம் ஆண்டின் ஆய்வு எடுத்துக்காட்டியது.

இங்கு மனிதரிடம் ஒரு முரண் தெரிகிறது. சிம்பன்சிக் குட்டி நான்கைந்து வயது வரை பால் குடிக்கிறது. பால்மறந்ததும் பெரும்பாலும் தன் உணவைத் தானே தேடிக்கொள்கிறது. மரபுவழிச் சமூகங்களில் மனிதக் குழந்தை பொதுவாக இரண்டரை, மூன்று வயதில் பால்மறக்கிறது. ஆனால் அதன்பின் பல ஆண்டுகள் தனக்கான உணவைத் தானே தேட அதற்கு இயலாது. அந்த இடைவெளியில் தாய், தந்தை, பாட்டி, அக்கா என்று யாரோ ஒருவர் ஊட்ட வேண்டும். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ், இதில் பாட்டியின் பங்கை வலியுறுத்தினார். பால்மறந்த வயதையும் கடைவாய்ப்பல் முளைத்த வயதையும் ஒருங்கே பார்க்கும்போதுதான், ஒரு தொல்மனித இனத்தில் இந்த இடைவெளி இருந்ததா என்பதை அறிய முடிகிறது.

உணவின் சான்றுகள்

பால்மறந்த பின் உண்டவற்றையும் பற்கள் காட்டுகின்றன. 1959இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டின் கடைவாய்ப் பற்கள் மிகப் பெரியவை. எனாமலும் மிகத் தடித்தது. கொட்டைகளை உடைத்துத் தின்ற உயிர் என்று கருதி, அதைக் கொட்டையுடைப்பான் மனிதன் என்று அழைத்தனர். இன்று அந்த இனத்துக்குப் பராந்திரோபஸ் பாய்சி என்று பெயர். கடினமான பொருளைக் கடித்தால் பல்லில் நுண்ணிய குழிகள் விழும். 2008இல் இவ்வினத்தின் பற்களை ஆராய்ந்தபோது அத்தகைய குழிகள் காணப்படவில்லை.

2011இல் கார்பன் ஐசோடோப்பு ஆய்வு இதற்கு விளக்கமளித்தது. மரம், செடிகள், நெல் ஆகியவை ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு. கரும்பு, சோளம், கம்பு போன்ற வெப்பமண்டலப் புல்வகைகளின் முறை வேறு. முதல் வகைத் தாவரங்கள் சி3 என்றும், இரண்டாம் வகை சி4 என்றும் அழைக்கப்படுகின்றன. இவற்றில் கார்பன்-13 அணுக்களின் விகிதம் வேறுபடுவதால், உண்பவரின் எனாமலிலும் அந்த வேறுபாடு பதிகிறது. பாய்சி இனத்தின் உணவில் முக்கால் பங்குக்கும் மேல் புல், கோரை போன்ற சி4 தாவரங்களைச் சார்ந்திருந்தது. பெரிய பற்கள் கொட்டையை உடைக்க அல்லாமல், நாள் முழுதும் மென்றுகொண்டிருக்கப் பயன்பட்டன.

இதே முறை இலங்கையிலும் பயன்பட்டது. ஃபாகியன் குகை, பட்டதொம்ப லேன உள்ளிட்ட தொல்லிடங்களில் கிடைத்த மனிதப் பற்களையும் விலங்குப் பற்களையும் பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். மழைக்காட்டில் மனிதர் நீண்டகாலம் வாழ்வது அரிது என்ற கருத்து அதுவரை பரவலாக இருந்தது. அடர்ந்த காட்டின் உணவைச் சார்ந்தே மனிதர்கள் அங்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வாழ்ந்துள்ளனர் என்பதைப் பற்கள் காட்டின.

பல்லில் படிந்து கல்லாகும் காரையும் ஒரு சான்றே. எல் சித்ரோன் குகை நியாண்டர்தால்களின் பற்காரையில் சாமந்தி இனத்தைச் சேர்ந்த கசப்பான மூலிகைகளின் தடயங்கள் 2012இல் கண்டறியப்பட்டன. சத்து குறைந்த அச்செடிகளை மருந்தாக உண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

பற்சான்றின் எல்லைகள்

பல்லின் வடிவத்தை மட்டும் நம்பினால் தவறு நேரும் என்பதற்குப் பில்ட்டவுன் ஓர் எடுத்துக்காட்டு. அதில் ஏமாற்று இருந்தது. ஏமாற்று இல்லாத எடுத்துக்காட்டு இந்தியாவிலிருந்தே உண்டு. 1932இல் எட்வர்ட் லூயிஸ் சிவாலிக் மலைப்பகுதியில் கண்டெடுத்த தாடைத் துண்டுக்கு ராமபித்தேக்கஸ் என்று பெயரிட்டார். தடித்த எனாமலையும் சிறிய கோரைப்பல்லையும் கொண்டு, அதுவே மனிதனின் மிகப் பழைய மூதாதை என்று 1960களில் எல்வின் சைமன்ஸ், டேவிட் பில்பீம் ஆகியோர் வாதிட்டனர். பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. பின்னர் பாகிஸ்தானின் போத்வார் மேட்டுநிலத்தில் சிவபித்தேக்கஸ் இனத்தின் முகப்பகுதி கிடைத்தபோது, அது ஒராங்குட்டானின் முகத்தை ஒத்திருந்தது. ராமபித்தேக்கஸ் சிவபித்தேக்கஸோடு சேர்க்கப்பட்டது. பில்பீமும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

மேலும், நாட்கோடுகளைக் காணப் பெரும்பாலும் பல்லை வெட்ட வேண்டியிருந்ததால் அரிய புதைபடிவங்களை ஆராய்வதில் தயக்கம் இருந்தது. ஒரே ஒரு குழந்தையின் பல்லைக் கொண்டு ஓர் இனம் முழுவதையும் பற்றிச் சொல்வதிலும் கவனம் தேவை. ஒரே ஊரில் பிறந்த குழந்தைகளுக்குள்ளேயே பல் முளைக்கும் வயது சில மாதங்கள் முன்பின்னாக வேறுபடுவதைப் பெற்றோர் எல்லோரும் அறிவர். தொல்மனிதரிடமும் அத்தகைய வேறுபாடு இருந்திருக்கும்.

முடிவுரை

நிமிர்ந்த நடை, சிறிய கோரைப்பல், கற்கருவி, பெரிய மூளை, நீண்ட குழந்தைப்பருவம் ஆகியவை ஒரே காலத்தில் ஒன்றாகத் தோன்றவில்லை என்பதே பற்களால் அறியவரும் முதன்மையான உண்மை. நிமிர்ந்து நடந்த ஆஸ்திராலோபித்தேக்கஸ் குழந்தை வாலில்லாக் குரங்கின் வேகத்தில் வளர்ந்தது. மனித உடலைப் பெற்ற துர்கானா சிறுவனும் இன்றைய சிறுவர்களைவிட விரைவாக வளர்ந்தான். ஆறு வயதில் கடைவாய்ப்பல் முளைக்கும் குழந்தை, மனித வரலாற்றின் கடைசிப் பகுதியிலேயே தெளிவாகக் காணப்படுகிறது.

டவுங் குழந்தையின் மண்டையோட்டில் உள்ள காயத் தடங்களைக் கொண்டு, அதைப் பெரிய கழுகு ஒன்று கொன்றிருக்க வேண்டும் என்று லீ பெர்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்போது அக்குழந்தையின் முதல் கடைவாய்ப்பல் அண்மையில்தான் முளைத்திருந்தது. அது மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் வாழ்ந்திருந்தது.